மூன்று பேருக்கான அறை

உள்ளறையின் இருட்டிலிருந்து "மூணு" என்ற குரல் கணீரென்று வந்தபோது, மகள் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆபத்துக்கால ஒத்திகை முடிந்து கதவைத் திறந்த பிறகுதான் அம்மாக்காரிக்கு அது தெரிந்தது. கணவன் ஸ்டாப் வாட்ச்சைத் தூக்கிக் காட்டி, இருபத்திரண்டு நொடி, இந்த வீட்டில் இவ்வளவு சீக்கிரம் ஒருநாளும் முடிந்ததில்லை என்று பூரித்துப்போய் நின்றான். மகளோ வாய் நிறைய நுரையோடு, பிரஷ்ஷைக் கடித்தபடி கூடத்தின் அந்தக் கோடியில் வந்து நின்றாள். விசில் கேட்டதாம், ஆனால் வாய் கொப்பளிக்காமல் எப்படி ஓடி வருவது என்று கேட்டாள்.

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூணாம் நம்பர் இன்றைக்குப் பாஸ் என்று மகளின் தலையைத் தட்டிவிட்டு நோட்டில் எழுதப் போனான். அப்பாவிடமிருந்து அபூர்வமாகக் கிடைத்த பாராட்டை எந்தப் பத்து வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? மகளும் வாயை மூடிக்கொண்டாள். ராத்திரி படுக்கையில் அம்மா மெல்லக் கேட்டபோதுதான் சொன்னாள்.

"நான் சொல்லலம்மா. நீதான் எனக்காக என்னை மாதிரியே சொல்லிட்டேன்னு நினைச்சேன்."

அவள் போர்வையை இழுத்து மகளின் கழுத்துவரை மூடிவிட்டு, விடியும்வரை விழித்துக் கிடந்தாள்.

அந்த வீட்டில் ஆறு வருடங்களாக ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. விசில் ஊதியதும் மூவரும் உள்ளறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தி, இருட்டில் அவன் ஒண்ணு, அவள் ரெண்டு, மகள் மூணு என்று அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். கணவன் முன்பு ஒரு பெயின்ட் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே தொழிலாளிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. பேர் கூப்பிடும் நேரத்தில் கூட்டாளி எங்காவது போயிருந்தால், பக்கத்தில் நிற்பவன் அவனுக்காக "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிடுவான். தீப்பிடித்த அன்றைக்கும் கொடுத்தான். கண்ணைத் திறக்க முடியாத புகையில் கணவன் நாற்பத்தொரு பேரைக் கூப்பிட்டு, நாற்பத்தொரு "இருக்கேன்" கேட்ட பிறகு, தீ பக்கத்துக் கிடங்குக்குப் பரவாமலிருக்க ஷட்டரை இறக்கச் சொன்னான். வெளியே நின்றவர்கள் நாற்பது பேர்தான். விசாரணையில் அவன்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் வேலையை விட்டுவிட்டு, கழுத்தில் ஒரு விசிலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அந்தச் சாவிலிருந்து அவன் கற்றுக்கொண்ட பாடம்தான் அவளுக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல். பேரைக் கூப்பிட்டால் யார் வேண்டுமானாலும் பதில் சொல்வார்கள், எண்ணைக் கூப்பிட்டால்தான் அவரவர் எண்ணுக்கு அவரவர் பொறுப்பு என்று கண்டுபிடித்தான். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பேரில்லாமல் வெறும் எண் மட்டும் ஒட்டிய குழாய் வந்தால் தொட மாட்டார்கள், அப்படியே கொட்டிவிடுவார்கள். இதை ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். ஆபத்து நேரத்தில் உன் லேப் கதையெல்லாம் சோறு போடாது என்றான். சோறு போட்டுக்கொண்டிருந்தது அந்த லேப்தான் என்பதை அவளும் சொல்லவில்லை, அவனும் நினைத்துப் பார்க்கவில்லை.

வீட்டில் மற்ற இடமெல்லாம் தகரக் கூரை. உள்ளறைக்கு மட்டும் காங்கிரீட். ஜன்னல் கிடையாது, இருந்த ஒரே காற்றுத் துளையையும் புகை வரும் என்று செங்கல் வைத்து அடைத்துவிட்டான். சுவரோரம் தண்ணீர்க் கேன்கள், அரிசி டப்பா, பால் பவுடர், பிஸ்கட் பாக்கெட்டுகள், மருந்துப் பெட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய இரண்டு டார்ச். மெழுகுவர்த்திக்கும் தீப்பெட்டிக்கும் அந்த அறையில் இடமில்லை. நெருப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவன் முகம் வெளிறிவிடும். நிஜ ஆபத்து வரும்வரை டார்ச்சைத் தொடக்கூடாது, பாட்டரி வீணாகும். விளையாட்டாக ஒருநாள் அதை எரியவிட்ட மகள் கன்னத்தில் ஐந்து விரலும் பதிய வாங்கிக்கொண்டாள். ஒத்திகை எப்போதும் இருட்டில்தான். புகையில் கண்ணுக்கு வேலையில்லை, காதுதான் கண் என்பான். தெருவில் அவனுக்கு விசில்காரர் என்று பேர். பிள்ளைகள் அவன் போகும்போது பின்னாலிருந்து ஒண்ணு ரெண்டு மூணு என்று கத்திவிட்டு ஓடுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுவாள்.

கேன்களில் பதினைந்து நாளைக்கொருமுறை தண்ணீர் மாற்றுவது அவள் பாடு. அந்த வாரம் மாற்றப் போனபோது, கதவைத் திறந்ததுமே ஒரு வாடை அடித்தது. பூஞ்சை இல்லை, எலி இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்து மடிப்பில் வருமே, வியர்வையும் பாலும் புளித்த அந்த வாடை. கூடத்திலிருந்து விழுந்த வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஒரு கேனில் மட்டும் நான்கு விரற்கடைத் தண்ணீர் குறைந்திருந்தது. வரிசையில் கடைசியாக இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள், கையில் கனமே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் காகிதம் மட்டும் பழையபடி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் சந்தில் ஒரு கோணிப்பை கிடந்தது. அதை உதறி மடிக்கலாம் என்று கை வைத்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

அவனிடம் சொன்னாள். சொன்னது தப்பாகப் போயிற்று. சேமிப்பில் யார் கை வைத்தது, நீயா அவளா என்று இரண்டு மணி நேரம் குடைந்தான். மகள் அழுதாள். இவளும் ஆறு வருஷக் கோபத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். கடைசியில் நோட்டில் 'எலி' என்று எழுதிவிட்டுப் பொறி வாங்கி வந்து வைத்தான். மறுநாள் காலையில் பொறி அலமாரியின் மேல்தட்டில், யார் காலிலும் படாதபடி பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அவன் இவளை ஒரு பார்வை பார்த்தான். அன்றிலிருந்து உள்ளறைக்குப் பூட்டு, சாவி அவன் கழுத்தில் விசிலோடு.

பூட்டு விழுந்த மூன்றாம் நாள், மத்தியானம், அவன் கடைக்குப் போயிருந்தான். மகள் பள்ளியில். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறைப் பக்கமிருந்து முணுமுணுப்பு வந்தது. அடுத்த வீட்டு டிவி என்று நினைத்து மடித்துக்கொண்டேயிருந்தாள். அது நிற்கவில்லை. எழுந்து போய்க் கதவில் காதை வைத்தாள்.

"மூணு."

கொஞ்சம் இடைவெளி. மறுபடி, இன்னும் மெல்லிசாக.

"மூணு. மூ…ணு. மூணு."

பாடம் ஒப்பிக்கும் பிள்ளை சொல்வதுபோல. முதலில் வந்த குரல் கரகரத்தது, எந்தப் பிள்ளையின் குரலும் இல்லை அது. அடுத்தது கொஞ்சம் தேவலை. பத்தாவது தடவை சொன்னபோது அது அவள் மகளின் குரலாகவே இருந்தது, தூக்கக் கலக்கத்தில் வரும் அந்தச் சிணுங்கல் உட்பட.

துணியைப் போட்டது போட்டபடி, அவள் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் மணி அடிக்கும்வரை வெயிலில் நின்றாள். அங்கே நின்றபடியே முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவது. அவன் வந்தால் வரட்டும், வராவிட்டால் கேன்களைக் கட்டிக்கொண்டு கிடக்கட்டும். அதுவரை மகள் அந்த அறைக்குள் ஒரு கால்கூட வைக்கக்கூடாது. மகளிடம் ரகசியமாகச் சொன்னாள். மகளுக்கு ஒரே குஷி, எந்தச் சட்டையை எடுத்து வைக்கலாம் என்று கேட்டுக் கேட்டுத் துளைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமையே புயல் வந்துவிட்டது.

காலையிலிருந்தே ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. கணவனின் முகத்தில் ஒரு களை. ஆறு வருடமாக இந்த நாளுக்காகத்தானே அவன் உயிரோடு இருந்தான். ஃபோன்களையெல்லாம் கூடத்தில் சார்ஜில் போடச் சொன்னான், கேஸை மூடினான், உள்ளறைப் பூட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து வைத்தான், விசிலைத் துடைத்துக்கொண்டான். நாலு மணிக்கே வீடு இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரை முதலில் படபடத்தது, பிறகு முனகியது, பிறகு ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும் கிறீச் சத்தம் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நகர்ந்தது. மின்சாரம் போனது. உடைந்த ஜன்னல் வழியாக மழை படுக்கைவாட்டில் உள்ளே வந்தது. மகள் பின்னறையில் இருந்தாள். பாப்பா, என்கிட்ட வா, தனியா எங்கேயும் போகாதே என்று அவள் கத்தினாள். அந்தக் கூச்சலில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

விசில் ஊதியது.

கூடத்துத் தகரம் ஒன்று அப்படியே மேலே எழும்பிப் பறந்தது. அவன் அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளறைக்கு இழுத்தான். பாப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே அவள் வாசற்படியில் காலை ஊன்றினாள். அப்போது அவளை உரசிக்கொண்டு சின்னக் கால்கள் தடதடவென்று உள்ளே ஓடின. ஈரத் துணி ஒன்று அவள் தொடையில் பட்டது. கதவு சாத்திக்கொண்டது.

"ஒண்ணு."

"ரெண்டு." மனம் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. ஆறு வருஷப் பழக்கம்.

"மூணு."

கதவுக்குக் குறுக்கே இரும்புத் தண்டு விழுந்தது. தண்டில் மாட்டிய பூட்டு கிளிக்கென்றது. அவன் நீளமாக மூச்சுவிட்டான்.

இருட்டு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுபோல் இருக்கும் இருட்டு. சுவருக்கு வெளியே காற்று உறுமுவது தரை வழியாக உடம்பில் ஏறியது. அவள் சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே பிள்ளை மடியில் ஏறிக்கொண்டது. கைகள் கழுத்தைச் சுற்றின. அவள் இறுக அணைத்துக்கொண்டாள். தலைமுடி, காது, தோள் எல்லாம் தடவிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

டார்ச்சைப் போடுங்க என்றாள். பிளாஸ்டிக் பை சரசரத்தது. பொத்தான் சத்தம் கேட்டது, இன்னொரு தடவை கேட்டது. வெளிச்சம் வரவில்லை. அடுத்த டார்ச்சும் அப்படித்தான். அவன் மூடியைத் திருகித் திறந்தபோது பிசுபிசுவென்று ஏதோ கையில் ஒட்டியதாம். பாட்டரி உள்ளேயே கசிந்து உப்புப் பூத்துப் போயிருந்தது. தேதி பார்த்து வாங்கினேனே, நோட்டில் எழுதியிருக்கிறேனே என்று முனகினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆறு வருடம் தொடக்கூட விடாமல் காத்துவைத்தது இதற்குத்தான். ஃபோன்கள் வெளியே சார்ஜில், மழையில் நனைந்துகொண்டிருந்தன.

அவள் மடியிலிருந்த பிள்ளையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பாப்பா, பயமா இருக்கா?"

"எப்பம்மா முடியும்? பசிக்குதும்மா."

"கொஞ்ச நேரம்தான். துணியை எந்தப் பையில எடுத்து வச்சே?"

"எப்பம்மா முடியும்? பசிக்குதும்மா."

அதே இழுப்பு. அதே சிணுங்கல். 'பசிக்குதும்மா'வில் அதே இடத்தில் ஒரு சின்ன இருமல். போன மாத ஒத்திகையில், இதே இருட்டில், மகள் சொன்னது அது. இருமலோடு சேர்த்து.

அவள் முதுகைத் தடவுவதை நிறுத்தினாள்.

"நாளைக்கு நாம எங்கே போறோம், சொல்லு."

பதில் வர நேரமாயிற்று. வந்தபோது மகளின் குரலில்தான் வந்தது. ஆனால் சொல் மகளுடையது இல்லை.

"பாப்பா, என் காலை மிதிக்காதே."

ஒவ்வொரு ஞாயிறும் இந்த அறைக்குள் அவளே மகளிடம் சொல்வது. இந்த அறைக்குள் மட்டும் சொல்வது. மடியில் இருந்தது இந்த அறையில் பேசியதைத் தவிர வேறெதையும் கேட்டதே இல்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அதன் மார்பு அவள் மார்போடு ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா."

காற்றுக்கு நடுவே, மரக் கதவுக்கு அந்தப் பக்கம்.

"அம்மா, பெரியம்மா வீட்டுக்கு வச்ச பையை எடுக்கப் போனேம்மா. கூரை போயிடுச்சு. கதவைத் தொறம்மா."

அவள் கத்தினாள்.

"தொறங்க. வெளியில நிக்கிறது நம்ம பொண்ணு."

"மூணு பேரும் உள்ளே இருக்கோம்" என்றான் அவன். இருட்டில் அவன் குரல் கதவுக்கு முன்னாலிருந்து வந்தது. தண்டின்மேல் முதுகைச் சாய்த்து நின்றிருக்க வேண்டும்.

"என் காதால கேக்குறேன், அவதான்."

"அப்ப உன் மடியில யாரு?"

"தெரியல."

"தெரியலன்னா தொறக்க முடியாது. நான் எண்ணினேன். காதால கேட்டு எண்ணினேன். இன்னொரு தடவை நான் தப்பா எண்ண மாட்டேன்."

அவ்வளவுதான். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புயலுக்கு இல்லை. வெளியே நிற்பது மகள் என்றால், மறுபடியும் ஒரு கதவை அவனே சாத்தியிருக்கிறான் என்றாகும். அதைவிட மகளைப் பறிகொடுப்பது அவனுக்குச் சுலபம். இந்த மனிதனுக்கா இத்தனை வருஷம் உழைத்துப் போட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு கசந்தது. எழுந்து பாய்ந்து அவன் கழுத்துச் சாவியைப் பிடுங்க நினைத்தாள். எழ முடியவில்லை. மடி கனத்தது. கோணி நிறைய மண்ணை வைத்ததுபோல் கனத்தது.

வெளியே மகள் அழுதாள். அப்பா தொறங்கப்பா, நான் இனிமே லேட்டா வர மாட்டேம்ப்பா என்று கெஞ்சினாள். தகரம் கிழிபடும் சத்தம். ஏதோ பெரியதாகச் சுவரில் மோதியது. தட்டல் கதவின் நடுவிலிருந்து கீழே இறங்கியது. இன்னும் கீழே. பிறகு தட்டல் இல்லை, நகத்தால் பிறாண்டுவது மட்டும். விட்டு விட்டு.

அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் பல்லை நறநறவென்று கடிப்பது அவளுக்குக் கேட்டது. சந்தேகம் தாங்காமல், தன்னைத் தானே தேற்றிக்கொள்ள அவனுக்குத் தெரிந்த ஒரே வழிக்குப் போனான்.

"மறுபடியும் எண்ணலாம்" என்றான். குரல் உடைந்திருந்தது. "எல்லாரும் சரியா சொல்லுங்க."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். எண்ணிக்கை குறைந்தால் கதவைத் திறந்து தேட வேண்டும் என்பதும் அவன் விதிதான். கதவில் ஒட்டியிருக்கும் தாளில், சிவப்பு மையில், அவனே எழுதி அடிக்கோடிட்டது. ஆறு வருடத்தில் ஒருமுறையும் அதற்கு வேலை வந்ததில்லை. இன்றைக்கு வரும். அவள் பதில் சொல்ல மாட்டாள். கொன்று போட்டாலும் சொல்ல மாட்டாள். ரெண்டு வராது. கணக்கு உதைக்கும். திறந்தே ஆக வேண்டும்.

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறாண்டல். நின்றது. மறுபடி கேட்டது. மகளுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

"ஒண்ணு" என்றான்.

அவள் மூச்சைக்கூட விடவில்லை.

சின்ன உள்ளங்கை ஒன்று மெல்ல வந்து அவள் வாயின்மேல் படிந்தது. வெதுவெதுப்பாக. கெட்டியாக.

"ரெண்டு."

அவளுடைய குரல்தான். இத்தனை வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் சலித்துப்போய் அவள் சொன்ன அதே 'ரெண்டு', அவள் தாடைக்குக் கீழே, மடியிலிருந்து வந்தது.

அவள் திமிறினாள். கை நகரவில்லை.

"மூணு."

"சரி" என்றான் கணவன் இருட்டில். அழுகிறவன்போல, நிம்மதியாக. "எல்லாரும் இருக்கோம்."